கடற்காற்றைவிட நம் கையே கெடுக்கும்: கைக்கருவிகளை வாங்குவதிலும் பேணுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஓர் உளி துருப்பிடித்தால் பழி முதலில் கடற்காற்றின் மீதுதான் விழும். அது முற்றிலும் பொய்ப் பழி அன்று. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருவேறும். கடலோரத்தில் படியும் உப்புத் துகள் காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக்கொள்வதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலும் துரு தொடங்கிவிடும். ஆனால் அந்தத் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. காலத்தில் துடைத்து எண்ணெய் பூசினால் நின்றுவிடக்கூடியது. வாங்கும்போது பார்க்காமல் விட்டதும், சுத்தம் செய்கிறேன் என்று அமிலத்தில் ஊறப் போட்டதும், சாணை மெஷினில் அழுத்திப் பிடித்ததும் ஒரே நாளில் செய்துவிடும் சேதத்தைக் கடற்காற்று செய்யப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே உரிமையாளரின் கையால் நேரும் தவறுகளைப் பற்றியே இங்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய கருவிகளுக்கு லிங்கிச் செட்டித் தெருவும் பிராட்வேயும், பழையவற்றுக்குக் காயலான் கடைகளும் நடைபாதைக் கடைகளும் என்பது வடசென்னையில் பலருக்கும் பழகிய வழி. 1985-இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய தலைமுறையினரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டது, விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டால் வென்றுவிட்டோம் என்னும் எண்ணம். பேரத்தில் காட்டும் கவனத்தில் கால் பங்கைக் கருவியைத் திருப்பிப் பார்ப்பதில் காட்டினால் போதும். குறிப்பாக, வேலைப் பொருளை இரு தாடைகளுக்கிடையே இறுகப் பிடிக்கும் வைஸ் பழையதாக இருந்து, புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் அதைக் கண்டு மயங்கக் கூடாது. தடித்த பச்சை அல்லது நீலப் பெயின்டுக்கு அடியில் விரிசலை மறைத்த வெல்டிங்கோ பட்டிப் பூச்சோ இருக்கலாம். வார்ப்பிரும்பைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால், ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே மறுபடி விரிசல் விடுவது வழக்கம். சிறிய ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் முழுமையான வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் உள்ளது மொத்தென்று அடங்கும். அடுத்து, வைஸைப் பாதி திறந்து தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பி, தாடை நகரத் தொடங்கும் முன் அது எவ்வளவு வீணாகச் சுற்றுகிறது என்று கவனிக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் வீணானால் உள்ளிருக்கும் மரை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கடைக்காரர் இதற்குப் பொறுமை காட்டாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவதே நல்லது.

இரும்பு இழைப்புளியில் நடக்கும் தவறு வேறு வகையானது. அங்கே பெயரைப் பார்த்து ஏமாறுகிறோம். இன்று கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை பெய்லி என்னும் அமெரிக்கர் வகுத்த ஒரே அமைப்பைச் சேர்ந்தவை. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்டு இழைப்புளிகள் 1931-இல் அதே அமைப்பில் வரத் தொடங்கின. நம் நாட்டுத் தயாரிப்புகளும் அதையே பின்பற்றுகின்றன. எண்களும் ஏறக்குறைய பொதுவானவை: 4 என்றால் 2 அங்குல அலகு கொண்ட மெருகு இழைப்புளி, 5 என்றால் சுமார் 14 அங்குல நீளம், 7 என்றால் சுமார் 22 அங்குலம். அமைப்பு ஒன்றாக இருப்பதால் உதிரிப் பாகங்களை மாற்றிப் பொருத்துவது எளிது. ஒன்றின் உடல், வேறொன்றின் அலகு, மூன்றாவதன் பிடி என்று சேர்ந்த ஒன்று பெரிய பெயரின் விலைக்கு விற்கப்படுவது அதனால்தான். வேலைக்கு வாங்குபவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை, சேகரிப்பவருக்குத்தான் நட்டம். இருவரும் கட்டாயம் பார்க்க வேண்டியவை அலகு வெளிவரும் வாயின் இரு மூலைகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதும், அலகில் தீட்டுவதற்கு இன்னும் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்பதும். எஃகு அளவுகோலை அடிப்பகுதியின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் வளைவு தெரியும். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் நடுவில் இருக்கும் சிறு பள்ளத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஸ்பேனர்களில் அளவுக் குழப்பமே பெரிய தவறு. இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறியது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய இயந்திரங்களும், அவற்றின் வழிவந்த பலவும் ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவில் அமைந்தவை. 1950-களில் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டும் இங்கிலாந்து வடிவமைப்பைக் கொண்டது என்பதால், பழைய வண்டிகளில் அந்த மரைகளைக் காணலாம். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை, அது போல்டின் விட்டத்தைக் குறிக்கிறது. 1/2 W என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 12.7 மில்லிமீட்டர் இருக்கும் என்று நினைத்து வாங்கினால், கையில் இருப்பது சுமார் 23.4 மில்லிமீட்டர் வாய் கொண்டது என்று வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். 1/4 அங்குல விட்வொர்த் போல்டின் தலை சுமார் 13.3 மில்லிமீட்டர், அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது, 14 நுழையும். நுழைகிறதே என்று 14-ஐப் போட்டு இறுக்கியவர்கள் செய்த வேலைதான் பழைய வண்டிகளில் நாம் காணும் மூலை மழுங்கிய போல்டுகள். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு வெர்னியர் காலிபர் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. மலிவான புதிய செட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பது எஃகின் தரத்துக்குச் சான்று ஆகாது. நாற்பது ஸ்பேனர்களில் நாம் எடுக்கப்போவது ஏழோ எட்டோதான். அந்த எட்டை நல்லதாகத் தனித்தனியே வாங்கலாம்.

பெரம்பூர் இரயில்வே பணிமனைகள் அருகில் இருப்பதால், வடசென்னையில் தனியாக எச்சரிக்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. பழைய சுத்தியல், குறடு, ஸ்பேனர் ஆகியவற்றில் இரயில்வே முத்திரை பொறித்தவை அவ்வப்போது கைக்கு வரும். 1908 முதல் 1951 வரை இயங்கிய மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் எழுத்துகளைக் கண்டால் சேகரிப்பவரின் மனம் துள்ளும், அது இயல்பே. ஆனால் 1966-ஆம் ஆண்டின் இரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தின்படி, திருடப்பட்டதாக நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க இரயில்வே பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் சட்டப்படியே வந்தது என்று காட்ட வேண்டும்; முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. இரயில்வே கழிவுப் பொருள்களை முறையாக ஏலம் விடுகிறது; அப்படி வந்த பொருளானால் விற்பவரிடம் அதற்கான தாள் இருக்கும். தாள் இல்லாத பொருள் எவ்வளவு அரியதாக இருந்தாலும் அதைத் தொடாமல் வருவதே சரி.

வாங்கிய பொருளைச் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான் பெருஞ்சேதம் நிகழ்கிறது. சிவந்து, தொட்டால் பொடியாக உதிரும் துருவை மட்டும் நீக்க வேண்டும். அதன் அடியில் கருமையும் பழுப்புமாக இறுகிப் படிந்திருக்கும் நிறம் இரும்புக்குத் தீங்கு செய்வதில்லை. சேகரிப்போர் விலை கொடுப்பதும் அந்த நிறத்துக்காகவே. எல்லாவற்றையும் கண்ணாடிபோல் பளபளக்க வைக்க வேண்டும் என்று கம்பிச் சக்கரத்தில் காட்டினால், நிறத்தோடு தயாரிப்பாளரின் முத்திரையும் தேய்ந்து போகும். வினிகரும் சிட்ரிக் அமிலமும் துருவை நன்றாகக் கரைக்கும், ஆனால் இரவு முழுவதும் ஊறட்டும் என்று விட்டால் நல்ல இரும்பையும் அரித்துப் புள்ளிப் பள்ளம் விழச் செய்யும்; கடினப்படுத்திய மெல்லிய எஃகான ரம்பத் தகடு, ஸ்பிரிங் போன்றவற்றில் ஹைட்ரஜன் ஏறி அவை முறியும் தன்மை பெறவும் கூடும். மணிக்கொரு முறை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பதும், முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுவதும் அவசியம். கடைசிப் படியைத் தள்ளிப்போட்டால் சில நிமிடங்களிலேயே மஞ்சள் துரு படர்ந்துவிடும். குரோமோ நிக்கலோ பூசியவற்றை அமிலத்தில் இடவே கூடாது. வெர்னியர், மைக்ரோமீட்டர் ஆகியவற்றின் அளவிடும் முகத்தில் உப்புத்தாள் பட்டால் அந்தக் கருவியை இனி நம்பி அளக்க முடியாது.

தீட்டுவதில் செய்யும் தவறு இன்னும் நுட்பமானது. உளியின் எஃகைக் கடினமாக்கிய பின், அதன் பதம் (டெம்பர்) மிதமான சூட்டில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. சாணை மெஷினில் அழுத்திப் பிடிக்கும்போது முனை சுமார் 220 பாகை செல்சியஸை எட்டினால் வைக்கோல் மஞ்சளும், 300 பாகையை நெருங்கினால் நீலமும் தோன்றும். நீலம் தோன்றிய இடத்தில் டெம்பர் போய்விட்டது; தண்ணீரில் தோய்த்தால் அது திரும்பாது, அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து அகற்றும் வரை கூர் நிற்காது. நிறம் மாறும் முன்பே, விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் தோய்க்க வேண்டும். உண்மையில், முனை உடையாத உளிக்கு மெஷினே தேவையில்லை. உராய்பொருள் தயாரிக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் தொடங்கித் திருவொற்றியூரில் ஆலை நடத்தும் ஊர் இது. இங்கே நல்ல தீட்டுக்கல்லுக்குப் பஞ்சமில்லை. சரிவை 25 பாகையிலும், வெட்டும் நுனியை மட்டும் 30 பாகையிலும் தீட்டுவது பொதுவான மர வேலைக்குப் போதும். பலர் சரிவை மட்டும் தீட்டிவிட்டு உளியின் தட்டையான பின்புறத்தை மறந்துவிடுகிறார்கள். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. பின்புறம் துருப்புள்ளியோடு இருந்தால் சரிவை எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை.

அரத்தைத் தீட்ட முடியாது என்பதால் அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும் பற்களைப் பின்னிழுப்பிலும் அழுத்தித் தேய்ப்பது அதன் ஆயுளைக் குறைக்கிறது. அரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக டப்பாவில் போடுவதும் அதே கேட்டைச் செய்யும். அலுமினியம் போன்ற மெல்லிய உலோகத்தைத் தேய்க்கும் முன் சாக்பீஸைப் பூசிக்கொண்டால் பற்களிடையே துகள் அடைக்காது. அரத்தைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். செய்தித்தாளும் சாக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கருவியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்; தோலுறையில் பதனிட்ட உப்பு இருக்கும்; இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பை உள்ளே சிக்கிய ஈரத்தை வெளியே விடாது. சிமென்ட் தரையில் நேரடியாக வைப்பதும் தவறே. நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகும். தெளிப்பு டப்பாவில் வருபவற்றில் பெரும்பகுதி ஆவியாகி மெல்லிய படலமே மிஞ்சும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து, வேலை முடிந்ததும் கையின் வியர்வை பட்ட இடங்களைத் துடைப்பது போதுமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், பயன்படுத்தாத கருவிகளையும் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்து முடிக்க இயலாத அளவுக்குக் கருவிகள் சேர்ந்துவிட்டால், வாங்குவதை நிறுத்த வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

மரப்பிடிகளைப் பொறுத்தவரை ஒரு பழைய பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். தலை ஆடும் சுத்தியலை வாளித் தண்ணீரில் ஊற வைத்தால் மறுநாள் இறுகிவிடுவது உண்மைதான். ஆனால் உப்பிய மரம் இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமின்றித் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்தபின் முன்னைவிடச் சுருங்கி, அதிகமாக ஆடும். ஆப்பு தளர்ந்திருந்தால் அதை மாற்றி அடிக்க வேண்டும்; பிடி வறண்டிருந்தால் தலைப்பகுதியை ஆளிவிதை எண்ணெயில் ஊற வைக்கலாம். பிடியிலேயே விரிசல் இருந்தால் இவ்விரண்டும் உதவாது. புதிய பிடி போட்ட பிறகே அந்தச் சுத்தியலை எடுக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிப்படும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப் போட்ட பிறகே எறிய வேண்டும்.