பழங்காலச் சாவிப் படம்: வீட்டிலேயே பிரேம் போடுவது எப்படி?

படம் கைக்கு வந்ததும் டேப்பை எடுத்து அளக்கத் தொடங்காதீர்கள். சாவிக்கு எது மேல், எது கீழ் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பழைய சாவியில் மூன்று பகுதிகள் உண்டு: விரலால் பிடிக்கும் வேலைப்பாடுள்ள தலை, நீண்ட தண்டு, பூட்டுக்குள் நுழையும் பல். ஆணியில் தொங்கும் சாவியைப் பார்த்துப் பழகிய நமக்குத் தலை மேலே இருப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் வத்திக்கான் சின்னத்தில் குறுக்காக நிற்கும் பொன் சாவிக்கும் வெள்ளிச் சாவிக்கும் பற்கள்தான் மேலே, தலைகள் கீழே. புனித பேதுருவிடம் ஒப்படைக்கப்பட்ட விண்ணரசின் சாவிகள் அவை. உங்கள் படம் அந்த வகை என்றால் திருப்பி மாட்டிவிடாதீர்கள். ஓவியரின் கையெழுத்தோ எழுத்து வரியோ இருந்தால் யோசனையே வேண்டாம், அது நேராக வரும்படி வையுங்கள்.

படி 1: அளவு

சாவி ஒல்லியானது. பிரேமும் படத்தை ஒட்டியே இருந்தால் பெட்டிக்குள் அடைத்தது போலாகிவிடும். சுற்றிலும் வெற்றிடம் தாராளமாக இருக்கட்டும். அந்த இடத்தைத் தருவது மவுண்ட் போர்டு, அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை.

படம் ஏ4 (210 × 297 மி.மீ.), பிரேம் ஏ3 (297 × 420 மி.மீ.) என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலை 200 × 287 மி.மீ. அளவுக்கு வெட்டினால், படத்தின் நான்கு விளிம்புகளும் அட்டைக்குப் பின்னால் 5 மி.மீ. மறையும். பக்கவாட்டில் 48.5 மி.மீ. வீதம் மிஞ்சும். மேலே 62, கீழே 71 விடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் படம் கீழே சரிந்தது போல் கண்ணுக்குத் தெரியும். பொறிப்புத் தகட்டில் அச்சிட்ட படம் என்றால் காகிதத்தில் தகட்டின் அழுத்தக் கோடு இருக்கும். அதை மறைக்காதீர்கள், காகிதத்தையும் நறுக்காதீர்கள்.

படி 2: ஜன்னல் வெட்டுதல்

அமிலமில்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை நாளாக ஆக மஞ்சளாகி, அந்த நிறத்தைப் படத்திலும் ஏற்றிவிடும். அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் வெட்டுங்கள். ஒரே மூச்சில் அறுக்காமல் லேசாக மூன்று நான்கு தடவை இழுத்தால் போதும். 45 டிகிரி சாய்வு வெட்டு வேண்டுமென்றால் அதற்கென்று கட்டர் இருக்கிறது. முதல் தடவை மூலையில் எல்லை தாண்டி வெட்டிவிடுவோம், எல்லோருக்கும் நடப்பதுதான். துண்டு அட்டையில் பழகுங்கள், அல்லது அளவைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.

படி 3: ஒட்டுதல்

நான் சொதப்பிய இடம் இதுதான். முதல் படத்தை நான்கு பக்கமும் செல்லோடேப் போட்டு இறுக்கினேன். மழைக்காலம் வந்ததும் சாவியின் தண்டு பாம்பு போல நெளிந்தது. ஈரத்தில் காகிதம் விரியும். விரிய வழியில்லாவிட்டால் அலை அலையாக எழும்பும்.

எனவே மேல் விளிம்பில் மட்டும், இரண்டே இடத்தில் ஒட்டுங்கள். அமிலமில்லாத காகித டேப்பில் ஒரு துண்டின் பாதியைப் படத்தின் பின்பக்கம் ஒட்டி, மீதிப் பாதி மேலே நீட்டியிருக்க விடுங்கள். நீட்டிய பகுதியின் பசைப்பக்கம் முன்னோக்கி இருக்கும். படத்தைப் பின் அட்டைமேல் வைத்து, அந்தப் பசைமேல் இன்னொரு துண்டைக் குறுக்காக அழுத்துங்கள். ஆங்கில ‘டி’ எழுத்து போல இருக்கும். படம் அதில் தொங்கட்டும், கீழ்ப்பக்கம் சும்மா இருக்கட்டும்.

படி 4: மூடுதல்

கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடிமேல் அல்ல. நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடி, ஜன்னல் அட்டை, படம் ஒட்டிய பின் அட்டை என்று வரிசையாக அடுக்குங்கள். ஜன்னல் அட்டையின் தடிமன்தான் படம் கண்ணாடியில் ஒட்டாமல் காக்கிறது. பின்பலகையை மூடுவதற்கு முன் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். எல்லாம் முடித்த பிறகு, சாவியின் பல் இடுக்கில் ஒரு தலைமுடி! நான் முழுவதையும் பிரித்துத்தான் எடுத்தேன்.

படி 5: மாட்டுதல்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவருக்கு வசதி. பிரேமின் வெளி உயரம் 45 செ.மீ., கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், 148 + 22.5 − 6 = 164.5 செ.மீ. உயரத்தில் ஆணி. வெயில் நேராக விழும் சுவர் மட்டும் வேண்டாம், மை வெளுத்துவிடும்.