பழைய தெருப் படம் எந்த ஆண்டு? காரிலிருந்து தொடங்குங்கள்

பழைய தெருப் படம் கையில் கிடைத்தால் நம் கண் முதலில் கட்டடத்துக்குத்தான் போகும். ஆண்டு தெரிய வேண்டுமானால் கார்களைப் பாருங்கள். அவற்றில் மிகப் புதிய மாடல் எது என்று தேடுங்கள். அது விற்பனைக்கு வருவதற்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பழைய காரை நம்பி ஆண்டு சொல்லிவிடாதீர்கள். இருபது வருடம் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம்.

சின்ன மாற்றம்தான் பெரிய துப்பு. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்கண்ணாடி 1953 வரை நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தது. பிறகு ஒற்றை முட்டை வடிவம், 1957-க்குப் பிறகு அகலமான செவ்வகம். வண்டியின் பின்பக்கம் தெரிந்தாலே போதும்!

இடத்தைக் கண்டுபிடிக்க, தரைத்தளத்தை விட்டுவிட்டு மேல்மாடியைப் பாருங்கள். கடை முகப்பு அடிக்கடி மாறும். மேலே உள்ள ஜன்னல் வரிசையும் கூரை விளிம்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேடும் கட்டடமே இடிந்துபோயிருந்தால் சாலையின் வளைவு, பின்னால் தெரியும் மலை, கோபுரம் இவைதான் துணை.

எதுவுமே பொருந்தவில்லையா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கலாம். நம்பர் பிளேட்டில் எழுத்து தலைகீழாகத் தெரியாது, இடவலம் மாறித் தெரியும். எழுத்து மங்கலாக இருந்தால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்யும்போது படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் குறிப்போ அங்கேதான் இருக்கும்.