மணலில் கூடாரம் ஆடாமல் நிற்க

தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு கடற்கரைக்கு மொத்தக் குடும்பமும் வேன் பிடித்துப் போகிறீர்களா? ராத்தங்க ஊர்க்காரர்களிடமும் போலீசிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதுதான் நல்லது.

கூடார முளை மணலில் பிடிக்காது, காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். வீட்டில் கிடக்கும் காலி அரிசிப் பைகளை எடுத்துப் போங்கள். மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, அந்தக் கயிற்றிலேயே கூடாரத்தை இழுத்துக் கட்டுங்கள். அசையவே அசையாது, பைசா செலவும் இல்லை.

அலை நனைத்த கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளிப் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் இன்னும் ஏறும். பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை போதும், மறுநாள் காலைவரை தாங்கும்.