கடல்நீர் மீன்தொட்டியில் பாசி: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

தொட்டியில் பாசி கண்ணில் பட்டதுமே பலரும் கேட்பது "இதுக்கு என்ன மருந்து ஊத்தலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வந்திருப்பது எது? பாசி என்று பொதுவாக நாம் சொல்லும் சில விஷயங்கள் பாசியே இல்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை வளர்த்துவிடும்.

புதுத் தொட்டியில் மணல் மேலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூளாகப் படிவது டயட்டம் என்ற ஒற்றைச் செல் நுண்பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கேட் என்ற தாதுவை வைத்து வளரும், அது தீர்ந்ததும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். இதற்கு எதையும் ஊற்ற வேண்டாம். கருஞ்சிவப்புப் படலமாக விரிந்து, குழாயால் உறிஞ்சினால் தகடு தகடாகப் பெயர்ந்து வருவது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. பெயரே சொல்வதுபோல் அது ஒரு பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, கழிவு தேங்கும் மூலைகளில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர். பழுப்பு நிறத்தில் சளி இழையாகத் தொங்கும், இழைகளில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். விளக்கு எரியும்போது அடர்ந்து, இரவில் பாதி காணாமல் போகும். இதைச் சாதாரணப் பாசி என்று நினைத்து, பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு குறைப்பதுதான் பெரிய தவறு. மற்ற நுண்ணுயிர்கள் உணவின்றி ஒடுங்கும்போது, காலியான இடத்தை டைனோ பிடித்துக்கொள்கிறது. சில வகைகளில் நச்சு உண்டு, மேய்ந்த நத்தைகள் செத்து விழும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். விதை வடிவச் செல்கள் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு சுழன்றால் அது ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற டைனோ வகை.

சரி, வந்திருப்பது நிஜமாகவே பச்சை முடிப்பாசிதான் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் கிட் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டுகிறது, பாறையிலோ பாசி விரல் நீளத்துக்கு ஆடுகிறது. இது எப்படி? தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான் கிட் அளக்கும், பாசி உறிஞ்சி வைத்திருப்பது அதற்குத் தெரியாது. இந்தப் பூஜ்யத்தை நம்பி மீன்களுக்கு அள்ளிப் போடுபவர்களும் உண்டு, இன்னும் குறைக்கிறேன் என்று பாஸ்பேட் உறிஞ்சியைக் கொட்டிப் பவளத்தைப் பட்டினி போடுபவர்களும் உண்டு. பவளம் இருக்கும் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் நிலையாக நின்றால் போதும்.

சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது, தீவனத்துக்கு அடுத்து டாப்-அப் தண்ணீரை, அதாவது ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பு உட்பட மற்ற எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். தினமும் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் கொஞ்சமாகவே இருந்தாலும் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். குடிநீர் ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்பார்கள். அதில் பல மாடல்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. கடல்நீர்த் தொட்டிக்கு ஆர்ஓ-வுக்குப் பிறகு, மிஞ்சிய தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகர்ந்ததுமே ரெசினை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, பாசியைத் தொட்டிக்குள்ளேயே கொல்வது. நன்னீர்த் தொட்டிக்கான பாசிக்கொல்லிகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும். நத்தை, இறால், பவளம் எதுவும் அதைத் தாங்காது. தாமிரம் இல்லாத மருந்தாகவே இருக்கட்டும், செத்த பாசி உள்ளேயே அழுகினால் பிடித்து வைத்திருந்த சத்து முழுவதும் தண்ணீருக்கே திரும்பும். ஆக்சிஜனும் குறையும், அது தெரியவருவது பெரும்பாலும் விடியற்காலையில், மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும்போதுதான். பாசி தொட்டியை விட்டு வெளியே போக வேண்டும், கையால் பறிப்பதை மிஞ்சிய வழி இல்லை என்பது என் கருத்து.

தண்ணீர் மாற்றும் நாளில் இதைச் செய்யுங்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, பாறையை அதில் இறக்குங்கள். பாசியை அடியோடு பிடித்து இழுத்து, மிச்சத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அதே தண்ணீர் கொஞ்சம் உள்ள இன்னொரு வாளியில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். நகர்த்த முடியாத பாறை என்றால் ஒரு கையால் பறிக்கும்போதே மறுகையில் உறிஞ்சு குழாயை ஒட்டிப் பிடியுங்கள். இறகு வடிவில் கிளைக்கும் பிரையோப்சிஸ் என்ற பச்சைப் பாசி ஒரு துணுக்கிலிருந்தே முளைத்துவிடும், ஆகவே தொட்டிக்குள் வைத்துப் பிய்க்காதீர்கள். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பாறையோடு இறுகிப் படிந்திருப்பது கோரலைன் பாசி. அதைச் சுரண்ட வேண்டாம், அது இருப்பது நல்லது.

நத்தைகள் பற்றிக் கொஞ்சம். நீளமாக வளர்ந்துவிட்ட முடிப்பாசியைப் பல நத்தைகள் தொடுவதில்லை, முதலில் நீங்கள் பறித்துக் குட்டையாக்க வேண்டும். நஸ்ஸாரியஸ் நத்தை பாசியே தின்னாது, மிச்சத் தீவனத்தைத்தான் தின்னும். ஒரே நாளில் கூட்டமாக வாங்கி விட்டால், பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும், அந்த உடல்களே மறுபடி சத்தாகும். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு, அந்த ஓட்டுக்காக நத்தையைக் கொல்லவும் கூடும்.

விளக்கை டைமரில் போட்டு 8 மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். 3 நாள் இருட்டடிப்பு சயனோவைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் காரணம் அப்படியே இருந்தால் அது திரும்ப வரும்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பாஸ்பேட் மறுபடி ஏறும். பழைய பாறையும் மணலும் தமக்குள் சேர்த்து வைத்ததை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன, சில தொட்டிகளில் இது மாதக்கணக்கில் நடக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து மறுபடி மருந்து பாட்டிலைத் தேடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் வாராவாரம் அளந்து குறித்து வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் பறித்தெடுக்கும் பாசியின் அளவையும் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், கிட் என்ன காட்டினாலும், போகும் வழி சரிதான்.