விவாகரத்து என்று முடிவான பிறகு சொத்தைப் பிரிப்பது எப்படி?

என் தங்கை பெரம்பூர் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த வாரம், நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டோம். வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன்பே நீங்களும் அதைச் செய்துவிடுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பட்டியல்

மூன்று கட்டம் போதும்: பொருள், யார் பெயரில், யார் பணம். "கிரைண்டர், அம்மா வீட்டுச் சீர். ஃபிரிட்ஜ், என் போனஸ்." பிஎஃப், எல்ஐசி, சீட்டுப் பணம் எல்லாம் வரட்டும். கடனையும் விடாதீர்கள்.

படி 2: நகையைத் தனியாக வையுங்கள்

பெண்ணுக்குத் தந்த நகையும் சீரும் ஸ்ரீதனம். அது பங்குக்கே வராது, முழுக்க அவளுடையது. கணவர் அவசரத்துக்கு எடுத்திருந்தாலும் திருப்பித் தரவேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது தன்னுடையதுதான் என்று காட்டத் தெரியவேண்டும். நாங்கள் கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, கையில் இருந்த வளையல்களை எண்ணி, அப்பா பீரோவில் வைத்திருந்த கடை பில்லோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு ஆரம் மட்டும் பில்லில் இல்லை, படத்தில் இருந்தது. அந்தப் படம் ஃபைலில் போனது.

படி 3: வீடு

பாதிக்குப் பாதி என்று இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. பத்திரத்தில் யார் பெயர் என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்கும். இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொண்டவளின் உழைப்புக்குப் பத்திரத்தில் இடம் ஏது? 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த உழைப்பும் சொத்து வாங்க உதவியதுதான் என்று மனைவிக்குச் சம பங்கு தந்தது. அதனால் வேலையை விட்ட வருடம், பிள்ளைகளை வளர்த்த வருடங்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் கணக்கு. வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசாதீர்கள், அக்கம்பக்கத்தில் நிஜமாக விற்ற விலையைக் கேளுங்கள். வீடு 80 லட்சம், பாக்கிக் கடன் 30 லட்சம் என்றால் பிரிக்க இருப்பது 50 லட்சம்தான். இருவர் பெயரிலும் உள்ள வீட்டை ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவர் தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யவேண்டும். கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்து ஆனாலும் வங்கி இருவரையும்தான் கேட்கும். முதலில் கடனிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: மனுவில் எழுதுங்கள்

ஒரு வருடம் பிரிந்திருந்தால், இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான 13-பி பிரிவில் சேர்ந்தே மனு போடலாம். சென்னையில் குடும்ப நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. எந்தத் தொகை, எந்தத் தேதி, எந்தப் பொருள் என்று வரி வரியாக மனுவில் இருக்கட்டும். "அப்புறம் தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 தீர்ப்பு. கடைசி விசாரணை நாளன்று பேசிய தொகைக்கான டிடி (வங்கி வரைவோலை) கைக்கு வந்த பிறகு சம்மதம் சொல்வது நல்லது.

தீர்ப்பு நகல் வந்ததும் எல்ஐசி, பிஎஃப், வங்கிக் கணக்கு, மூன்றிலும் நாமினி பெயரை மாற்றுங்கள். தங்கை அதை அடுத்த திங்கட்கிழமையே முடித்தாள்.