எதிர்வீட்டு காரைக் கணக்குப் போடும் முறை

எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒரே அலுவலகம், ஒரே கிரேடு. அவர் வாசலில் 12 லட்ச ரூபாய் கார். என் வாசலில் பழைய ஸ்கூட்டர். பல நாள் தூக்கம் கெட்ட பிறகுதான் இந்தக் கணக்கு பிடிபட்டது.

முதலில் விலையை மறந்துவிட்டு மாதத் தவணையைப் பாருங்கள். முன்பணம் 2 லட்சம் போக 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதம் சுமார் 16,100 ரூபாய். என் வீட்டு வாடகையே 15,000. அவர் இருப்பதோ மாமனார் கட்டிக்கொடுத்த வீடு. பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது. (என் மாமனார் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார், சரி விடுங்கள்.)

அப்புறம் வீட்டில் எத்தனை சம்பளம், ஊரில் நிலம் உண்டா என்று பாருங்கள். நேராகக் கேட்க வேண்டாம். தண்ணீர் கேனுக்கு நிற்கும்போது பேச்சுவாக்கில் வந்துவிடும்.

எதுவும் பொருந்தவில்லையா? நகை அடகில் இருக்கலாம், அல்லது கிரெடிட் கார்டு. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் போல வட்டி ஏறும், வருடத்துக்கு 42. இதைப் போட்டுப் பார்த்ததும் என் பொறாமை பாதியாகக் குறைந்தது. மீதி, மே மாத வெயிலில் அவர் ஏ.சி. போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் வரும்.