தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்கு முன்

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கார் வந்தது. எஞ்சின் சூடேறுகிறது என்பது புகார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பையன் பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டரைப் பார்க்கவில்லை, ஃபேன் சுற்றுகிறதா என்றும் கவனிக்கவில்லை. நேராகப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டில் வைத்தான். எஞ்சின் தண்ணீர் சூடேறிய பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். “இதை எடுத்துவிட்டால் சூடே ஏறாது, அண்ணாச்சி” என்றான். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே சொல்லை இதே தெம்போடு நானும் சொல்லியிருக்கிறேன்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது, ஆயில் அளவு பார்க்காமல் நெடுந்தூரம் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் குற்றவாளி ஆக்குவது

இருபது ஆண்டுகளுக்கு முன், நான் அதே சொல்லைச் சொன்ன அன்று வந்தவர் திசையன்விளைப் பக்கத்து வியாபாரி. நான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேயே கிடந்தது. ராசியான கை என்று பாராட்டிவிட்டுப் போனார். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். எஞ்சின் தன் சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். அதுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஏர் ஃபில்டரை மாற்றி அனுப்பினேன்.

மே விடுமுறையில் குடும்பத்தோடு மாஞ்சோலைக்குப் புறப்பட்டிருக்கிறார். மணிமுத்தாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முதல் கியர், ஏசி, ஆறு பேர். நெடுஞ்சாலையில் ரேடியேட்டரில் மோதிய காற்று அங்கே இல்லை. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் இன்னும் இரண்டு வளைவு ஓட்டியிருக்கிறார்.

சூட்டில் வளைந்திருக்குமோ என்று, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன். பல அலுமினிய ஹெட்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. இதில் 0.20 மில்லிமீட்டர் அளவுத் தகடு தடையில்லாமல் நுழைந்தது. பிறகுதான், முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய ரேடியேட்டரைப் பிரித்தேன். உள்ளே வெந்நீர்ப் பானையின் அடியில் இருப்பதுபோல வெள்ளைப் படிவு. பாதிக் குழல்களில் கம்பிகூட நுழையவில்லை. அவருடைய தோட்டத்து போர்வெல் தண்ணீர், ஆண்டுக்கணக்கில் ஊற்றியது. குளிரே இல்லாத ஊரில் ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் நம் ஊருக்கும் வேண்டியவைதானே.

தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்ததால் நெடுஞ்சாலையில் முள் இறங்கியது, ரேடியேட்டர் அடைப்பு என் கண்ணுக்குத் தெரியாமல் போனது. சில எஞ்சின்களில் இதைவிட மோசம்: தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்க எடுத்ததே சூட்டை ஏற்றும். ஹெட் வேலைக்கான செலவில் என் மூன்று மாதச் சம்பளம் போனது. இன்றும் யாராவது “கழற்றிவிடுவோம்” என்றால் எரிச்சல் வருகிறது.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வவிட்டுத் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். வால்வில் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி, வாய் திறந்து நூலை விட வேண்டும்.

ஸ்கேனர் சொன்ன சென்சாரை மாற்றுவது

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு பி0171 என்றால், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டது என்று பொருளல்ல. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று வந்தால், அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303ஆக மாறினால் பழுது காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரை இறக்குவது

முதலில் எர்த் கம்பியைப் பாருங்கள்.

டைமிங் பெல்ட் அறுந்த பின் “ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்ப்பது”

வேண்டாம். தள்ளியும் பார்க்க வேண்டாம்.

ஆயில் விளக்கு எரியும்போது அடுத்த ஊர் வரை போவது

நிறுத்துங்கள்.

அந்தப் பையனைச் சட்டியும் நூலும் எடுத்துவரச் சொன்னேன். 82 என்று பொறித்த வால்வு, 83இல் நூலை விட்டது. பழுது, ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலேயில் இருந்தது. ரிலேயை மாற்றி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, கூலன்ட் நிரப்பி, முடிந்தது என்றான். மூடியின் கீழ் விரலை ஓட்டினேன், ஈரம். பழைய பேக்கிங்கையே போட்டிருந்தான்.